உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள்

பாடசாலை வரவு குறைந்த பிள்ளையொன்றை விசாரிக்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் மரத்தால் விழுந்து முன்னங்கை முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், பொருந்தியது. இப்போது நோவில்லை. ஆனால் உள்ளங்கை மேற்பக்கம் திரும்பாது. கடையில் மீதிக் காசு வாங்குவதற்கே உடம்பைச் சரிக்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் பட்டம் வைத்துக் கூப்பிட, போவதை நிறுத்திவிட்டாள். "வளர வளரச் சரியாகும் என்று இருந்துவிட்டோம் மிஸ்" என்றார் தாய்.

நான் படித்தது சமூகவியல். ஆகவே வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

முன்னங்கையில் ஆரை, அரந்தி என இரண்டு என்புகள். கையைத் திருப்பும்போது அரந்தி ஏறக்குறைய நிலையாக நிற்க, ஆரை அதைச் சுற்றி வருகிறது. ஆரை இலேசாக வில்போல் வளைந்திருப்பதால்தான் அது முடிகிறது. முறிந்த என்பு கோணியோ முறுகியோ பொருந்தினால், என்புகள் முட்டிக்கொள்ளும், இடையிலுள்ள சவ்வும் இழுத்துப் பிடிக்கும். சிறு பிள்ளைகளுக்கு ஓரளவு கோணல் வளர்ச்சியோடு நிமிரும் என்பது உண்மை. முறுக்கு அப்படி இலகுவில் நிமிராது. தாய்மார் ஏமாறுவது இங்கேதான்.

எக்ஸ்ரே படம் தட்டையானது, முறுக்கை அதில் சரியாக அளக்க முடியாது. இதற்குத்தான் கணனி வந்தது. இரண்டு கைகளையும் சீ.ரி. ஸ்கேன் எடுத்து, என்புகளை முப்பரிமாண உருவங்களாக்குகிறார்கள். நல்ல கையின் உருவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி, கோணிய கையின்மேல் பொருத்திப் பார்த்தால், எங்கே எத்தனை பாகை பிசகியது என்று தெரிந்துவிடும். எங்கே வெட்டுவது, எவ்வளவு திருப்புவது, திருப்பினால் கை எவ்வளவு சுழலும் என்பதைத் திரையிலேயே பரீட்சித்துவிட்டு, வெட்டுமிடத்தைக் காட்டும் அச்சொன்றையும் அந்த நோயாளிக்கென்றே செய்கிறார்கள். ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழக வைத்தியர்கள் 2008இல் இம்முறையில் செய்த சத்திரசிகிச்சைகளின் பலனை வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலும் இத்துறையில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

குறையும் உண்டு. ஒருவருடைய இரு கைகளும் அச்சொட்டாக ஒன்றல்ல. என்பைக் கணனி நிமிர்த்திக் காட்டினாலும், வருடக்கணக்கில் இறுகிப்போன சவ்வும் தசையும் உடனே இளகிவிடாது. அதனால் காலம் தாழ்த்தக் கூடாது.

சகோதரிகளே, பிளாஸ்டர் கழற்றிய சில வாரங்களில் பிள்ளையின் இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளிலும் பென்சிலைப் பிடிக்கவைத்து, மேலும் கீழும் திருப்பச் சொல்லுங்கள். அன்றாட வேலைக்கு இரு பக்கமும் 50 பாகையளவு திரும்ப வேண்டும் என்று 1981இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு கை பின்தங்கினால் பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு கிளினிக்கிற்குப் போங்கள். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. சிலருக்குப் பயிற்சியே போதும்.

அந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கத் திகதி கிடைத்திருக்கிறது. "நல்ல கையையும் ஏன் மிஸ் எடுக்கிறார்கள்?" என்று தாய் பயந்தார். சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் பிள்ளையை நிறுத்தி, நல்ல கையை நீட்டச் சொல்லிக் காட்டினேன்.