குமாஸ்தா வேலையா?

"புதிய நட்சத்திர மண்டலத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பெரிய தொலைநோக்கி வேண்டும். பழைய வானப் பதிவுகளை ஒத்துப் பார்ப்பது குமாஸ்தா வேலை. அதையும் ஆராய்ச்சி என்கிறார்களே!"

நன்றாகப் படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். நான் விஞ்ஞானியல்லன்; கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நம் கண்ணுக்கு அகப்படும் ஒளி சொற்பம். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. பிரபஞ்சம் விரிவதால், வெகு தூரத்து ஒளியின் அலை வரும் வழியிலேயே நீண்டு அகச்சிவப்பாகிவிடுகிறது. தூசியில் புதைந்த மண்டலங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். நட்சத்திரங்களின் ஒளியைத் தூசி விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பாக உமிழ்கிறது.

இதைப் பலர் பல காலத்தில் பதிவு செய்தார்கள். 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் பத்தே மாதத்தில் வானத்தில் 96 சதவிகிதத்தை அளந்தது. 1997 முதல் 2001 வரை அரிஸோனாவிலும் சிலியிலும் இரண்டு தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் துழாவின. 2009 டிசம்பரில் வைஸ் விண்ணேறியது. அதன் கண்ணாடி வெறும் 40 சென்டிமீட்டர். ஆனால் அதன் பதிவுகளிலிருந்து 2013இல் வெளியான பட்டியலில் 74 கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன!

இந்த 74 கோடியில் அண்டை வீட்டு மங்கல் நட்சத்திரம் எது, பிரபஞ்சத்தின் ஆதிகாலத்து மண்டலம் எது? ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிப் புள்ளிதான். நீண்ட அலைப் பதிவில் பளிச்சென்று இருப்பது, குறுகிய அலைப் பதிவில் காணாமற்போயிருந்தால், அந்த இல்லாமையே தடயம். இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் வழக்கு துலங்குகிறது.

2017இல் என்ன நடந்தது? வைஸ் பதிவு, ஹவாய்த் தீவில் எடுத்த அகச்சிவப்புப் பதிவு, சிலியில் எடுத்த சாதாரண ஒளிப் பதிவு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சலித்து, பன்யாடோஸ் என்ற வானியலாரும் அவர் கூட்டாளிகளும் ஒரு குவேஸாரை அறிவித்தார்கள். அது ஒரு மண்டலத்தின் நடுவில் எரியும் கருந்துளை. 80 கோடிச் சூரியன்களின் எடை. பிரபஞ்சம் பிறந்து 69 கோடி ஆண்டுகளே ஆனபோது கிளம்பிய ஒளி அது! அதன் தூரத்தை உறுதி செய்தது பெரிய தொலைநோக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் புள்ளியை நோக்கித் திரும்புவது என்று அதற்குச் சொன்னது யார்? நீங்கள் ஏளனம் செய்கிற பட்டியல்தான்.

"கம்ப்யூட்டர் ஒத்துப் பார்த்துவிடுமே" என்பார்கள். பார்க்கும். ஆனால் வைஸின் பார்வை மங்கல். அதன் ஒரு புள்ளிக்கடியில் இரண்டு மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கலாம். தவறான ஜோடியைச் சேர்த்தால் அண்டை நட்சத்திரம் ஆதிகால மண்டலமாகிவிடும். அங்கே வேண்டியது விவேகம். அதைக் குமாஸ்தாத்தனம் என்றால், நல்ல குமாஸ்தாக்களுக்கு அது பெருமைதான்.

இது வெறும் கௌரவச் சண்டையல்ல. எந்த வேலையை மட்டமென்று நினைக்கிறோமோ, பணமுடை வந்ததும் முதலில் கை வைப்பது அதில்தான். குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்து 1983லேயே ஐராஸ் ஓய்ந்தது. வைஸ் 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது; அவ்வாண்டே வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தும் போயிற்று. 1983இன் வானத்தையோ 2010இன் வானத்தையோ இனி எந்தத் தொலைநோக்கியாலும் மறுபடி எடுக்க முடியாது. மிஞ்சியிருப்பது ஏடுதான். அந்த ஏட்டைக் காப்பவனுக்கும், பொறுமையாக அதைப் புரட்டிப் பார்ப்பவனுக்கும் விஞ்ஞானி என்ற பெயரையும் அதற்குரிய சம்பளத்தையும் கொடுங்கள். புதுக் கண்ணாடி வாங்குவதை அப்புறம் பேசலாம்.