வாளுக்குச் சமமாக ஒரு சாவி

படைகளின் சின்னம் என்றாலே சிங்கம், புலி, பீரங்கி, வாள் இவைதான் நமக்கு நினைவுக்கு வரும். அமெரிக்கத் தரைப்படையில் குவார்ட்டர்மாஸ்டர் கோர் என்று ஒரு பிரிவு உண்டு. வீரர்களுக்கு உணவு, உடை, கூடாரம், எரிபொருள் எல்லாம் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அவர்களுடைய சின்னத்தில் ஒரு சாவி இருக்கிறது. கிடங்குச் சாவி! நான் அறிந்த படைச் சின்னங்களில் இதுவே மிக நேர்மையானது என்பது என் கருத்து.

1895-இல் ஏற்கப்பட்ட சின்னம் இது. ஒரு வண்டிச் சக்கரம், அதன்மேல் குறுக்காக வாளும் சாவியும், உச்சியில் கழுகு. சக்கரம், ஆறு கோவேறு கழுதைகள் இழுத்த சரக்கு வண்டியுடையது. அதன் 13 ஆரக்கால்களும் வட்டையில் உள்ள 13 நட்சத்திரங்களும், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட 13 குடியேற்றங்களைக் குறிப்பவை. கழுகு நாட்டுக்கு, வாள் படைக்கு, சாவி கிடங்குக்கு.

ஒரு சின்னத்தில் இத்தனை சாமான்களா, ஒன்று போதாதா என்று கேட்கலாம். போதாது. வாள் மட்டும் என்றால் எந்தப் படைக்கும் பொருந்தும். சாவி மட்டும் என்றால் அது மளிகைக் கடை. இரண்டையும் குறுக்கே வைத்ததில்தான் பொருள் இருக்கிறது: சண்டை போடுகிறவனும் சாமான் கொடுக்கிறவனும் ஒரே படையின் ஆட்கள்.

இதை அந்த நாடு பட்டுத்தான் தெரிந்துகொண்டது. இந்தப் பிரிவு 1775 ஜூன் 16-இல் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், தலைமைப் பொறுப்பில் இருந்த மிஃப்ளின் விலகிவிட்டார். 1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜில் முகாமிட்டிருந்தது. வண்டிகள் இல்லை, உடை வரவில்லை, இறைச்சி வரவில்லை. போரே நடக்காத அந்த முகாமில் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் நோயால், மாண்டார்கள். 1778 மார்ச்சில் நதானியேல் கிரீன் என்ற தளபதி அரைமனதோடு அந்தப் பொறுப்பை ஏற்றுச் சீர்செய்தார். ஆனாலும் வரலாற்றில் எந்தக் குவார்ட்டர்மாஸ்டரையும் யாரும் நினைப்பதில்லை என்று வாஷிங்டனுக்கே எழுதி வருந்தினார்.

பிரெஞ்சுப் படையிலும் இதே கதைதான். அங்கே போக்குவரத்துப் பிரிவுக்கு மற்ற வீரர்கள் வைத்த கேலிப் பெயர் 'ருவாயால் காம்புயி'. காம்புயி என்றால் நம் வண்டி மை. 'ராஜாவின் வண்டி மைப் படை' என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மை இல்லாவிட்டால் வண்டி எத்தனை தூரம் போகும் என்று கேலி செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

1942-இல் அமெரிக்காவில் போக்குவரத்துக்கென்று தனிப் பிரிவு அமைத்தார்கள். வேலை அங்கே போனாலும் சின்னத்தில் சக்கரம் தங்கிவிட்டது. அதை எடுக்காமல் விட்டது சரியே. கிடங்கில் சாமான் நிறைந்திருந்து முகாமுக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன பயன்? சாவிக்கு அருகில் சக்கரம் இருந்தால்தான் அது நினைவில் நிற்கும்.

அரசு அலுவலகங்களில் இருப்புப் பதிவேடு எழுதி, சாவிக்கொத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்ற நண்பர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். நமக்கு யாரும் பதக்கம் தரவில்லை. அந்தச் சாவியை வாளுக்குச் சமமாக வரைந்த ஒரு நாடு இருக்கிறது என்பதையாவது தெரிந்துவைத்துக்கொள்வோம்.