மோதிரம் கழன்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். பக்தியால் அல்ல. ஒருத்தனுக்குப் பணம் கொடுக்காமல் தப்பிப்பதற்காக.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஊருக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் மாந்தோப்பு, மலையடிவாரம், ஆறு, பாறை, நீர்காத்த அய்யனார். வழியில் ஆறாவது மைல் டேம். ஊர் குடிக்கிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் சாம்பல் நிற அணிலுக்கு மட்டும் சரணாலயமாக இருந்த காடு, 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். எங்களைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்குப் புலி மேனேஜர் ரூபத்தில் தினமும் தரிசனம் தருவதால் பயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகனுக்கு வயது பத்தொன்பது. ப்ளஸ் டூ முடித்து, பி.காம். வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டான். ஒருநாள் சாயங்காலம் வந்தான்.

"மாமா, சி.என்.சி. கோர்ஸ் சேரப்போறேன். ஆன்லைன்ல. ஆறே வாரம். சர்டிஃபிகேட் தர்றாங்க, அப்ரண்டீஸ் வேலையும் வாங்கித் தர்றாங்களாம்."

"ஃபீஸ்?"

"நாப்பத்தஞ்சாயிரம். அம்மாவை செயினை வைக்கச் சொல்லியிருக்கேன். முப்பதுதான் வரும். பாக்கி நீங்க."

பாக்கி நீங்க! என்னமோ பஸ் டிக்கெட்டில் சில்லறை கேட்பதுபோல.

மறுப்பதற்கு எனக்கு விஷய ஞானம் போதாது. எனக்குத் தெரிந்த ஒரே மெஷின் ஸ்டாப்ளர். அதற்கும் பின் மாட்டத் தெரியாமல் பியூனைக் கூப்பிடுகிறவன் நான். ஆகவே எதிர் வீட்டு அண்ணாச்சியிடம் போனேன். முப்பத்தைந்து வருஷம் மில் ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்து ரிடையர் ஆனவர். இது மில் ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்த நாளிலிருந்து, நூலோடு கூடவே இங்கே டர்னர்களும் ஃபிட்டர்களும் உற்பத்தியானார்கள். பின்னே? இன்றைய நூற்பு மில்லில் ஸ்பிண்டில் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதில் ஒரு துளி கோணல் இருந்தால் நூல் அறுந்து கையில் வந்துவிடும். மனுஷர் இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய லேத்தைப் போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளையைவிட அதிகமாக அதைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போவோம். பையனையும் கூட்டிட்டு வாங்க. குளிச்சிட்டுப் பேசிக்கிடலாம்" என்றார்.

போனோம். மருமகன் ஆற்றில் இறங்கவில்லை. பாறைமேல் ஏறி நின்று, போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு இலவச டெமோ கிளாஸாம். சிக்னல் வரவில்லை. அய்யனார் எல்லைச் சாமி அல்லவா, டவரை எல்லைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

நான் தண்ணீரில் முங்கினேன். ஐஸ். இரண்டாவது முங்கலில் கல்யாண மோதிரம் விரலை விட்டு வழுக்கிக்கொண்டு போனது! "மோதிரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகன் போனைப் பாறையில் வைத்துவிட்டுக் குதித்து, நல்லவேளை, இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். இருபத்திரண்டு வருஷமாக சோப்புப் போட்டு இழுத்தாலும் வராத மோதிரம். வெறும் கையோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தப் பகுதியை இந்த வாரம் வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

அண்ணாச்சி சிரித்தார். "குளிர்ல விரல் சுருங்கிருச்சு. உடம்பு சுருங்குறதுக்குக் காரணம் வேற, இரும்பு சுருங்குறதுக்குக் காரணம் வேற. ஆனா சூட்டுக்கு அளவு மாறும்கிறது ரெண்டுக்கும் பொது. தம்பி, மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுறதைப் பாத்திருக்கியா?"

"யூ-ட்யூப்ல பாத்திருக்கேன்."

"பட்டாவைச் சூடு பண்ணுவான், அது விரியும். சக்கரத்துல மாட்டித் தண்ணிய ஊத்துவான். சுருங்கி, கவ்விப் பிடிச்சிக்கும். ஆசாரி எந்தக் கோர்ஸும் படிக்கலை. சரி, மத்தியானம் கொட்டகைக்கு வா. நாப்பத்தஞ்சாயிரம் கொடுக்கலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு."

மத்தியானம் கொட்டகை வாசலில் அண்ணாச்சி என்னைத் தடுத்து நிறுத்தினார். "மோதிரத்தைக் கழட்டிட்டு உள்ளே வாங்க." லேத்தில் சுழல்கிற எதிலாவது மோதிரம் மாட்டினால் மோதிரம் மட்டும் வராது, விரலும் சேர்ந்து வரும் என்றார். அதனால்தான் முழுக்கைச் சட்டை கூடாது, கையுறை கூடாது, தொங்குகிற எதுவும் கூடாது. அவர் விரலை அப்போதுதான் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷமாக அவருடைய கல்யாண மோதிரம் பீரோவில் இருக்கிறதாம்.

மருமகன் சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்துதான் வைத்திருந்தான். போனில் இலவச சிமுலேட்டர் போட்டுப் பழகியிருக்கிறான். சாதா லேத்தில் நாம் கையால் கைப்பிடியைச் சுற்றி உளியை நகர்த்துகிறோம். சி.என்.சி.யில் அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஜி-ஜீரோ என்றால் சீவாமல் விருட்டென்று போ. ஜி-ஒன் என்றால் சொன்ன வேகத்தில் சீவிக்கொண்டே போ. எம்-த்ரீ என்றால் சுற்ற ஆரம்பி. கடகடவென்று ஒப்பித்தான். ட்ராயிங்கையும் தப்பில்லாமல் படித்தான். அண்ணாச்சிக்கே ஆச்சரியம். "நான் ட்ராயிங் படிக்க மூணு வருஷம் ஆச்சு. மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்தாத்தான் ஒரு கோடு சொல்லித் தருவாரு. இவன் போனை வச்சே படிச்சிருக்கானே!"

பிறகு ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, சக்கில் மாட்டச் சொன்னார். சக் என்பது துண்டைக் கவ்விப் பிடிக்கிற தலை. அதை முறுக்க ஒரு சாவி உண்டு. பயல் சாவியைப் போட்டு ஜோராக முறுக்கினான். அப்படியே ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனான்.

அண்ணாச்சி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். அந்த வயதில் அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சாவி சக்கிலேயே இருந்தது. ஸ்விட்சைப் போட்டிருந்தால் அது கழன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்திருக்கும். எதிரே நின்றுகொண்டிருந்தது நான்.

"சாவி சக்குல இருக்கும்போது கை சாவிய விடக்கூடாது. இதுதான் முதல் பாடம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மருமகன் முகம் வெளுத்துவிட்டது. சிமுலேட்டரில் சக்கும் உண்டு, உளியும் உண்டு. சாவி கிடையாது. அங்கே தப்பு நடந்தால் சிவப்புக் கோடு வரும், ரீசெட் தட்டினால் போயிற்று. இங்கே ரீசெட் பித்தான் ஜி.எச்.சில்தான் இருக்கிறது.

இரண்டாவது பாடம் அளவு. 25 மில்லிமீட்டர் பின் ஒன்று. 24.980-க்குக் கீழே போகக்கூடாது, 24.993-க்கு மேலே போகக்கூடாது. இடைவெளி பதின்மூன்று மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே சுமார் எழுபது மைக்ரான் கனம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி கடைந்தார். மருமகன் உடனே மைக்ரோமீட்டரை வைத்து அளந்தான். 24.985.

"பாஸ், அண்ணாச்சி!"

"வா, டீ சாப்பிட்டு வருவோம்."

டீ, வடை, கொஞ்சம் ஊர்வம்பு. திரும்பி வந்து அதே பின்னை அதே மைக்ரோமீட்டரில் அளந்தான். 24.976. ஃபெயில்!

கடையும்போது இரும்பு சூடாகிறது. சூட்டில் விரிந்திருந்ததை அளந்து பாஸ் போட்டுவிட்டான். முப்பது டிகிரி ஆறினதும் ஒன்பது மைக்ரான் காணாமல் போய்விட்டது. காலையில் ஆற்றில் என் விரல் செய்த அதே வேலை. அளவுக்கெல்லாம் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்று 1931-லேயே உலக அளவில் முடிவு செய்துவிட்டார்களாம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது? அதனால்தான் நல்ல கம்பெனிகளில் அளக்கிற அறைக்கு ஏ.ஸி. போட்டிருக்கிறார்கள். மேனேஜருக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

மருமகன் ரொம்ப நேரம் அந்தப் பின்னைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "இது வீடியோவுல சொன்னாங்க அண்ணாச்சி. எழுதிக்கூட வச்சிருக்கேன். ஆனா மறந்துட்டேன்" என்றான்.

"இனிமே மறக்கமாட்டே" என்றார் அண்ணாச்சி.

அவர் ஆன்லைன் படிப்புக்கு எதிரி இல்லை. கணக்கு, ட்ராயிங், ஜி-கோடு, உலோகத்தின் குணம், பாதுகாப்பு விதி இதெல்லாம் போனில் தாராளமாகப் படிக்கலாம். அதுவும் காசில்லாமலே கிடைக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக 2019-ல் மத்திய அரசு தொடங்கிய பாரத் ஸ்கில்ஸில் பாடமும் கேள்வித்தாளும் வீடியோவும் இலவசம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேண்டும் என்றால்தான் பணம். நாற்பத்தைந்தாயிரத்துக்கு மருமகன் வாங்கப்போனது பெரும்பாலும் இந்தப் பாதிதான்.

மற்றப் பாதி மெஷின் முன்னால் மட்டுமே கிடைக்கும். உளி மழுங்கினால் சத்தம் மாறும், சீவல் நிறம் மாறும், நாற்றமே மாறும். போனில் நாற்றம் வராது. ஜெர்மனியில் இந்த வேலைக்கு மூன்றரை வருஷப் பயிற்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம், மற்ற நாளெல்லாம் தொழிற்சாலை. நம்ம ஐ.டி.ஐ.யில் டர்னருக்கும் மெஷினிஸ்ட்டுக்கும் இரண்டு வருஷம். 1945-ல் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் ஆரம்பித்த ஜி.டி. நாயுடுகூட படிப்பு காலத்தைச் சுருக்கலாம் என்று வாதாடியவர்தான். ஆனால் அவர் சுருக்கச் சொன்னது வருஷத்தை. மெஷினை அல்ல.

அன்று ராத்திரி உட்கார்ந்து, ஒரு ஆபீஸ் குமாஸ்தா உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். சட்டத்தைப் படித்தேன்.

அப்ரண்டீஸ் சட்டம் 1961-ல் வந்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், தன் ஆள் பலத்தில் இரண்டரை சதவீதத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டீஸ்களை எடுத்தாக வேண்டும். எடுத்தால் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். 2019 விதிகளின்படி அது படிப்பைப் பொறுத்துக் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய். 2025-ல் இதை உயர்த்தச் சொல்லி மத்திய அப்ரண்டீஸ் கவுன்சில் சிபாரிசும் செய்தது. 2016-லிருந்து இதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே கேரண்டி என்று யாராவது சொன்னால், அவர் சட்டத்தைவிடப் பெரியவர் என்று அர்த்தம்.

அதாவது, அப்ரண்டீஸ் என்றால் கம்பெனி பையனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். என் மருமகன் விஷயத்தில் பணம் எதிர்த்திசையில் போகப் பார்த்தது!

தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாயும், சைக்கிள், சீருடை, பஸ் பாஸும் தருகிறார்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் 71-ஐ டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்து, புது மெஷின்களும் இறக்கியிருக்கிறார்கள்.

நான் கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மருமகன் இருக்கலாம். அல்லது, நீங்களே அந்த மருமகனாக இருக்கலாம். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மெஷின் முன்னால் நிற்கப்போவது எத்தனை மணி நேரம்? சர்டிஃபிகேட் கொடுப்பது யார், அரசாங்கமா, அவர்களுடைய பிரிண்டரா? அப்ரண்டீஸ் ஒப்பந்தம் அரசு தளத்தில் பதிவாகுமா? மூன்றாவது கேள்வியை மருமகன் போனில் கேட்டான். எதிர்முனையில் சிக்னல் கட்டாகிவிட்டது. இத்தனைக்கும் அவன் அய்யனார் கோவிலில் இல்லை, பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்தான்.

அக்காவின் செயின் கழுத்திலேயே இருக்கிறது. மருமகன் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போடப்போகிறான். இப்போதைக்குக் காலையில் போனில் பாடம், சாயங்காலம் அண்ணாச்சி கொட்டகை. லேத்தை இன்னும் தொடவிடவில்லை. ஓர் இரும்புக் கட்டியைக் கொடுத்து, நாலு பக்கமும் சமமாக அரத்தால் ராவச் சொல்லியிருக்கிறார். நாலு நாளாக ராவிக்கொண்டிருக்கிறான். உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் பி.காம். வகுப்பில் நான் பார்க்காத ஒரு பிடிவாதம் முகத்தில் தெரிகிறது.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். நேற்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி என் விரலையே பார்த்தாள்.

"மோதிரம் எங்கே?"

"பீரோவுல. மெஷின் பக்கத்துல வேலை செய்யறவங்க மோதிரம் போடக்கூடாதாம். சேஃப்டி."

"எந்த மெஷின்? அந்த ஸ்டாப்ளரா?"