கணினிக்குச் செம்பனையைக் கற்றுத் தருவது யார்?

சென்ற ஆண்டு என் படிவம் 4 மாணவர்கள் நால்வர் ஓர் அறிவியல் திட்டப்பணி செய்தார்கள். செம்பனைக் குலையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால், அது பழமா காயா என்று கணினி சொல்லவேண்டும். கூகள் நிறுவனத்தின் 'டீச்சபள் மெஷின்' என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருநூறு படங்கள் எடுத்து, பெரும்பகுதியைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, மிச்சத்தை வைத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லாம் சரி! நானும் மற்ற ஆசிரியர்களிடம் பெருமையடித்துக் கொண்டேன்.

மறுவாரம் தோட்டத்திற்குக் கொண்டுபோனோம். மரத்தில் செக்கச்செவேலென்று இருந்த குலையைக் 'காய்' என்றது. குலை வாங்கும் நிலையத்தில், தரம் குறைந்ததென்று ஒதுக்கிவைத்த கறுத்த காய்க்குலையைப் 'பழம்' என்றது. மாணவர்கள் முகம் சுருங்கிவிட்டது. படங்களைத் திரும்பப் பார்த்தபிறகுதான் புரிந்தது. பழுத்த குலைகளை எல்லாம் அந்த நிலையத்தின் சிமெண்டுத் தரையில் வைத்துப் படமெடுத்திருந்தார்கள். காய்களை மரத்திலேயே எடுத்திருந்தார்கள். கணினி குலையைக் கற்கவில்லை, சிமெண்டைக் கற்றிருந்தது. சோதனைப் படங்களும் அதே தொகுப்பிலிருந்து வந்தவை என்பதால் பள்ளியில் தவறு வெளிப்படவில்லை.

இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. செயற்கை நுண்ணறிவு என்றாலே கேள்வி கேட்டால் கட்டுரை எழுதித்தரும் செயலி என்று நினைக்கிறீர்கள் அல்லவா? என் கருத்து வேறு. இந்த நாட்டில் அந்தத் துறையின் கடினமான, சுவையான ஆராய்ச்சிகளில் ஒன்று உங்களில் பலருடைய வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. மலேசியாவில் ஐந்தரை மில்லியன் ஹெக்டருக்கும் மேல் செம்பனை இருக்கிறது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் முதன்முதலாக நட்டார்கள். நூறாண்டு கடந்துவிட்டது. உயர்ந்த மரத்தின் குலையை இன்றும் பெரும்பாலும் மனிதன்தான் அறுக்கிறான்.

ஏன்? 1997இல் சதுரங்க உலக வெற்றியாளர் காஸ்பரோவை ஐ.பி.எம். கணினி தோற்கடித்தது. பெரியவர்களுக்குக் கடினமான சதுரங்கம் கணினிக்கு எளிது. குழந்தைக்கு எளிதான பார்ப்பதும் பிடிப்பதும் நடப்பதும் அதற்குக் கடினம். ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் இந்த முரணை 1980களிலேயே எடுத்துச் சொன்னார்.

குலை அறுப்பவரைக் கவனித்துப் பாருங்கள். பத்து மீட்டர் உயர மரம். நீண்ட அலுமினியக் கம்பத்தின் நுனியில் வளைந்த அரிவாள். அதன் எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். கம்பம் செங்குத்தாக இருந்தால் சுமை நேராகக் கைக்கு இறங்கும். நுனி பக்கவாட்டில் மூன்று மீட்டர் சாய்ந்துவிட்டால்? 10 நியூட்டன் பெருக்கல் 3 மீட்டர், ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன், அதுவும் அரிவாளுக்கு மட்டும். அவர் இயற்பியல் படித்திருக்க மாட்டார். ஆனாலும் ஒவ்வோர் அடிக்கும் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டே போவார். மேடுபள்ளமும் சதுப்பும் நிறைந்த நிலத்தில் இதையே ஓர் இயந்திரக் கை செய்யவேண்டுமானால், அதைத் தாங்கும் வண்டி கவிழாத அளவுக்குக் கனமாக இருக்கவேண்டும். கனமான வண்டி சேற்றில் புதையும். ஆப்பிள் பறிக்கும் பறக்கும் ரோபோக்கள் வந்துவிட்டனவே என்பீர்கள். ஓர் ஆப்பிள் 200 கிராம்; செம்பனைக் குலை 20 கிலோவைத் தொடும். நூறு மடங்கு!

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சன்டாஸ்' என்னும் மோட்டார் அரிவாள் உயரம் குறைந்த மரங்களில் நன்றாகவே உதவுகிறது. உயர்ந்த மரங்களுக்குத்தான் இன்னும் நல்ல விடை இல்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்லவந்ததற்கு வருகிறேன். என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். 1970களில் அவருடைய வேலை, பூவுக்குப் பொடி ஊதுவது. மகரந்தத்தை டால்கம் பவுடருடன் கலந்து, செம்பனையின் பெண் பூங்கொத்தில் ஊதவேண்டும். அப்போது மலாயாச் செம்பனைக்குக் காற்று மட்டுமே மகரந்தம் கொண்டுவரும் என்று நம்பிவந்தார்கள். அது போதாததால் மனிதக் கை தேவைப்பட்டது. பிறகு ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது அரிசியைவிடச் சிறிய ஒரு கூன்வண்டு என்று காட்டினார். ஆண் பூவில் வாழும் அந்த வண்டு, பெண் பூவிலும் அதே சோம்பு மணம் வருவதால் ஏமாந்து அங்கும் போகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தமும் கூடவே போகிறது. 1981இல் குளுவாங் பக்கம் வண்டுகளை விட்டார்கள். குலைகள் கனத்தன, விளைச்சல் கூடியது, செலவு குறைந்தது. மின்சாரம் கேட்காத, தானே பெருகும் தானியங்கி அது! அறிவியல் ஆசிரியராக இந்த ஆராய்ச்சியை நான் வணங்குகிறேன்.

பேரப்பிள்ளையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். பொடி ஊதும் வேலை நின்றதும் பாட்டியைக் களைக்கொல்லி மருந்தடிக்க அனுப்பினார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை. வண்டு மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால், 'பொடி ஊதுகிறவர்கள் இனி என்ன செய்வார்கள்?' என்று அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆராய்ச்சி ஒரு நாள்கூடத் தாமதமாகியிருக்காது என்றே நினைக்கிறேன். தானியக்க ஆராய்ச்சி வேண்டாம் என்பவன் நானல்லன். வெயிலில் கழுத்து நோக அண்ணாந்து நின்று அறுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் நல்லதுதான். 2020இல் எல்லைகள் மூடப்பட்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வராதபோது, பழம் மரத்திலேயே அழுகியதையும் பார்த்தோம். நான் கேட்பது, கருவியை வடிவமைக்கும் முதல் நாளிலேயே அந்த வேலையைச் செய்கிறவரும் மேசையில் உட்காரவேண்டும் என்பதே.

இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை; கருவி சரியாக வேலை செய்யவே அது தேவை. அன்று தோட்டத்தில் மாணவர்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, அவர்களில் ஒருவனுடைய மாமா பக்கத்தில் குலை அறுத்துக்கொண்டிருந்தார். "ஏன்'பா, எல்லாரும் மேலயே பாக்குறீங்க? கீழ பாருங்க" என்றார். மரத்தடியில் சில உதிரிப் பழங்கள் கிடந்தன. குலை பழுத்தால் பழம் தானாக உதிரும். ஓலை மறைத்தாலும், மாலை வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரிந்தாலும் உதிரிப் பழம் பொய் சொல்லாது. சில இனங்களில் காய் கறுப்பாக இல்லாமல் பச்சையாகவே இருக்கும் என்றும் சொன்னார். கறுப்பும் சிவப்பும் மட்டுமே பார்த்த எங்கள் கணினி அங்கேயும் குழம்பியிருக்கும். வாரியத்தின் தரப்படுத்தும் விதியிலும், பழுத்த குலையில் பழம் உதிர்ந்த புதிய குழிகள் குறைந்தது பத்து இருக்கவேண்டும் என்று உள்ளது. எங்கள் இருநூறு படங்களில் ஒன்றில்கூட மரத்தடி தெரியவில்லை.

மாணவர்கள் இந்தப் பள்ளி விடுமுறையில் மறுபடியும் படமெடுக்கப் போகிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு படங்கள்: ஒன்று மேலே, ஒன்று கீழே. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும். எது பழம், எது காய் என்று பெயரிடப்போகிறவர் அந்த மாமாதான். திட்டப்பணி அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.