ஆறு எழுத்தில் ஒரு சிலுவை

எபிரெய வேதாகமத்தின் முதல் சொல் 'பெரேஷீத்'. 'ஆதியிலே' என்று நாம் வாசிப்பது அதைத்தான். பேத், ரேஷ், ஆலெப், ஷீன், யோத், தாவ் என்று ஆறு எழுத்து. இந்த ஆறையும் தனித்தனியே பிய்த்துப் பொருள் சொல்கிறார்கள். பேத் வீடாம், ரேஷ் தலையாம், முதல் இரண்டையும் சேர்த்தால் 'பர்', அதாவது குமாரனாம். ஆலெப் தேவனாம், ஷீன் பல், ஆகவே நொறுக்குதலாம், யோத் கையாம், தாவ் சிலுவையாம். ஆக, தேவகுமாரன் தம் கையாலேயே சிலுவையில் நொறுக்கப்படுவார் என்பது வேதத்தின் முதல் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் இதற்கு வண்ணப் படம் சுற்றுகிறது, யூடியூபில் மணிக்கணக்கில் விளக்கம் ஓடுகிறது. கன்வென்ஷன் மேடையில் "எபிரெய மூலத்தில் பார்த்தால்..." என்று பிரசங்கியார் குரலைத் தாழ்த்தியதும் கூட்டம் நோட்டுப்புத்தகத்தைத் திறக்கிறது. எபிரெயம் தெரியாதவர்களிடம் மட்டுமே செல்லுபடியாகிற வித்தை இது.

அந்தச் சொல் கட்டப்பட்ட விதம் எளிது. 'ரோஷ்' என்றால் தலை. அதோடு 'ஈத்' என்ற விகுதி சேர்ந்து 'ரேஷீத்' ஆகிறது. முன்னால் ஒட்டிய 'பெ' நம் 'இல்' உருபின் வேலையைச் செய்கிறது. தமிழில் தலை, தலைமை, தலைமையில் என்று சொல் வளர்வது போலத்தான். 'தலைமையில்' என்ற சொல்லைப் பிரித்து, 'இதற்குள் மை இருக்கிறது, ஆகவே தலையில் மை பூசிய ஒருவரைப் பற்றிய தீர்க்கதரிசனம் இது' என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம். நொறுக்கும் கையும் சிலுவையுமாகக் காட்டப்படுகிற யோத்தும் தாவும் அந்த விகுதியின் எழுத்துகள், அவ்வளவுதான். 'மீதி' என்பதற்கான எபிரெயச் சொல்லும், 'முடிவு' என்பதற்கான 'அஹரீத்'தும் இதே விகுதியில்தான் முடிகின்றன.

எழுத்துகள் ஒரு காலத்தில் படங்களாக இருந்தன என்பது உண்மை. மாட்டுத் தலையிலிருந்து ஆலெப்பும் வீட்டிலிருந்து பேத்தும் வந்தன. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்த வித்தை எடுபடுகிறது. ஆனால் அந்தப் படங்களை அன்றைக்கே எப்படி வாசித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சீனாய் தீபகற்பத்தில் செராபித் எல் காதிம் என்ற இடத்தில் எகிப்தியர் நீலப்பச்சைக் கல் வெட்டிய சுரங்கங்கள் இருக்கின்றன. 1905இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்கே படவடிவ எழுத்துப் பொறிப்புகளைக் கண்டெடுத்தார். 1916இல் எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் அவற்றில் அடிக்கடி வந்த ஒரு சொல்லைப் படித்தார். வீடு, கண், தார்க்கோல், சிலுவை போன்ற குறுக்குக்கோடு என்று நான்கு படங்கள். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் முதல் ஒலியை மட்டும் எடுத்தால் 'பாலத்' என்று வந்தது. தலைவி என்று பொருள். அங்கே வணங்கப்பட்ட ஆத்தோர் தேவியைத்தான் அப்படி அழைத்தார்கள். படமாக எழுதிய காலத்திலேயே ஒலியைத்தான் வாசித்தார்கள். இல்லை, படத்துக்குத்தான் பொருள் என்று நம் பிரசங்கியார் அடம்பிடித்தால், அந்தத் தேவியின் பெயரிலும் சிலுவை இருக்கிறது. அவர் அதை ஏற்றுக்கொள்வாரா?

'பர்' விவகாரம் இன்னும் பழையது. குமாரன் என்பதற்கு எபிரெயத்தில் வழக்கமான சொல் 'பென்'. 'பர்' அரமேயத்தில் வழங்குவது. லத்தீன் வேதாகமத்தைத் தந்த ஜெரோம், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆதியாகமம் பற்றி எழுதிய நூலில் இந்தப் பேச்சைத் தொட்டிருக்கிறார். எபிரெயத்தில் 'குமாரனில்' என்று இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள், அது தவறு என்று பழங்கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் உட்படப் பெயர் சொல்லியே மறுக்கிறார். கருத்தளவில் கிறிஸ்துவோடு பொருத்திப் பார்க்கலாம், சொல் அப்படி இல்லை என்பது அவர் நிலை. பதினாறு நூற்றாண்டுக்கு முன்பு ஒரு பக்தரே மூடிய கடையை இப்போது புதுப் பலகை மாட்டித் திறந்திருக்கிறார்கள்.

யூத ரபிகளும் இந்தச் சொல்லோடு விளையாடாமலில்லை. தல்மூதில் அதை 'பரா ஷீத்' என்று இரண்டாகப் பிரித்து வாசித்துப் பார்க்கும் இடம் உண்டு. ஆனால் நேர்ப்பொருள் வேறு, உபதேசத்துக்கான விரிவு வேறு என்று அவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 1105இல் காலமான பிரான்சு நாட்டு வேத உரையாசிரியர் ராஷி, இந்த முதல் வசனம் எது முதலில் படைக்கப்பட்டது என்று வரிசை சொல்லவே வரவில்லை என்றார். ரேஷீத் பெரும்பாலும் அடுத்த சொல்லோடு ஒட்டி 'இன்னதன் தொடக்கம்' என்றே வருவதால், 'தேவன் படைக்கத் தொடங்கியபோது' என்று வாசிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏற்கலாம், மறுக்கலாம். இலக்கணத்தை வைத்து நடக்கும் சண்டை அது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

இந்த எழுத்து விளையாட்டில் எனக்குப் பெரிய ஆத்திரம், அது சொல்லின் நிஜமான வளத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான். ரேஷீத் வேதாகமத்தில் சுமார் ஐம்பது இடங்களில் வருகிறது. தலைச்சன் பிள்ளை ரூபனைத் தன் பலத்தின் ரேஷீத் என்கிறார் யாக்கோபு. தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆட்டு ரோமம் இவற்றில் ஆசாரியனுக்குத் தர வேண்டிய முதற்பங்கும் ரேஷீத். முதலில் வந்தது, அதனாலேயே உயர்ந்தது என்று இரண்டும் கலந்த சொல். நம் 'முதல்' போல. ஆமோஸ் தீர்க்கதரிசி, தந்தக் கட்டிலில் சாய்ந்து ரேஷீத்தான எண்ணெயைப் பூசிக்கொண்டு, ஜனத்தின் அழிவுக்குக் கவலைப்படாத பணக்காரர்களைச் சாடுகிறார். ஆசாரியன் ஏலியின் வீட்டார் மீது வந்த குற்றச்சாட்டு, காணிக்கைகளின் ரேஷீத்தைத் தின்று கொழுத்தார்கள் என்பது. இந்த இடங்களை மேடையில் எடுத்து விளக்குவது கொஞ்சம் சங்கடம்தான்.

'விசுவாசம் வளருகிறதே, கெடுதல் என்ன?' என்று கேட்பார்கள். இறையியல் கல்லூரிக்குப் போய் எபிரெய இலக்கணத்தின் முதல் பாடங்களைப் படிக்கும் பையனிடம் போய்க் கேளுங்கள். மேடையில் கேட்ட மற்றவற்றையும் அவன் சந்தேகிக்கத் தொடங்கியிருப்பான், அது அவன் குற்றமல்ல.

கல்லூரிக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 'பெரேஷீத்' என்ற அதே சொல், அதே ஆறு எழுத்து, எரேமியா 26:1இலும் நிற்கிறது. யோயாக்கீம் ராஜாவின் ஆட்சித் தொடக்கத்தைக் குறிக்கும் வெறும் தேதிக் குறிப்பு. எரேமியாவின் சுருளைக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டானே, அதே யோயாக்கீம்தான். அடுத்த கூட்டத்தில் அந்த வசனத்தைத் திறந்து நீட்டி, இங்கேயும் எழுத்தெழுத்தாகப் பொருள் சொல்லுங்கள் ஐயா என்று கேளுங்கள்.