மன்னனுக்குப் பட்டம், அவளுக்குப் பாடம்

போன பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு வாழ்க்கை வரலாறு என்ற இலக்கிய வகையை நடத்திக்கொண்டிருந்தேன். உதாரணத்துக்கு சாவித்திரியின் பெயரைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "குடிச்சே செத்துப்போனாங்களே, அவங்கதானே மேம்?" யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஜெமினி கணேசனைப் பற்றி என்ன தெரியும் என்றேன். "காதல் மன்னன்" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து வந்தன. சாவித்திரி இயக்கிய படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். அவர் படம் இயக்கினார் என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. வார இதழ்த் தொடரிலும் மலிவுப் பதிப்பிலும் யூடியூபிலும் அவர்களுக்குக் கிடைத்தது இந்தக் கதைதான். நட்சத்திரத் தம்பதியின் வாழ்க்கையை அவர்களைக் கேட்காமல் எழுதி விற்பது நம் ஊரில் பழைய தொழில். அட்டையில் இருவர் முகமும் ஒரே அளவில் இருக்கும். உள்ளே போனால் அவனுக்குக் குணச்சித்திரம், அவளுக்கு நோய்க்குறிப்பு. மனைவி இருக்கும்போதே அவன் வேறு பெண்களோடு வாழ்ந்தது ரசனை. அவனை அவள் நம்பியது வீழ்ச்சியின் தொடக்கம்.

சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 1955-இல் வந்தது. அதாவது இந்த ஜோடி புகழின் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், ஒரு தாரம் இருக்க இன்னொரு தாரம் என்பது சட்டம் ஒப்பாத காரியம். நான் படித்த எந்தத் தொடரும் இதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. அவளுடைய புட்டிகளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆண்டுகளை எண்ண நேரமில்லாமல் போயிற்று. சட்டம் தடுத்ததை ரசிகர்கள் பட்டம் கொடுத்து மன்னித்தார்கள். 'காதல் மன்னன்' என்ற இரண்டு சொல்லும் அனுமதியின்றி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுதான். அது அவரைக் காப்பாற்றிய வரலாறு.

2018-இல் சாவித்திரியின் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. தெலுங்கில் 'மகாநடி', தமிழில் 'நடிகையர் திலகம்'. தன் தந்தையைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று ஜெமினியின் மகள் ஒருவர் வெளிப்படையாக எதிர்த்தார். ஒரு மகளாக அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து நடந்த பேச்சைக் கவனியுங்கள். அவர் நல்லவரா, கெட்டவரா? குடியை அறிமுகப்படுத்தியது யார்? சாவித்திரியின் பெயரில் எடுத்த படத்தைப் பற்றிய விவாதமும் கடைசியில் ஜெமினியின் நன்னடத்தைச் சான்றிதழாக முடிந்தது.

அப்படியானால் அனுமதியில்லாத நூல்களைத் தடை செய்துவிடலாமா? சில தோழிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. அனுமதி என்றால் யாருடைய அனுமதி?

இங்கிலாந்தின் டயானாவை நினைத்துப் பாருங்கள். 1992-இல் ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய நூல் வெளிவந்தது. இளவரசர் சார்லஸுடனான மணவாழ்வின் கசப்பு, டயானாவின் உணவுக் கோளாறு, தற்கொலை முயற்சிகள் எல்லாம் அதில் இருந்தன. கிசுகிசு என்று பலர் தூற்றினார்கள். மார்ட்டன் அனுப்பிய கேள்விகளுக்கு டயானாவே ஒலிநாடாக்களில் பதில் பேசி, நண்பர் ஒருவர் மூலம் ரகசியமாகக் கொடுத்தனுப்பியிருந்தார் என்பது 1997-இல் அவர் இறந்த பிறகுதான் அம்பலமானது. உலகத்திலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பெண்களில் ஒருத்தி தன் கதையைத் தன் வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. சார்லஸுக்கு அந்தச் சிரமம் இல்லை. 1994-இல் ஜொனாதன் டிம்பிள்பி அவருடைய ஒத்துழைப்போடு, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பார்த்து, அதிகாரபூர்வ வரலாற்றை எழுதினார். ஒரே திருமணம்தான். அவன் பேசினால் ஆவணம், அவள் பேசினால் வம்பு.

அதனால்தான் சொல்கிறேன், அனுமதி என்ற சாவியைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் முதலில் பூட்டப்படுவது பெண்ணின் வாய். ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான நக்கீரன் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் சம்மதமின்றியும் எழுதலாம். அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பேற்க வேண்டும். நல்ல கோடுதான். ஆனால் நம் எழுத்தாளர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ஆவணத்தைத் தொடுவதில்லை, படுக்கையறையை விடுவதில்லை.

ஆவணம் என்ன சொல்கிறது? 1968-இல் சாவித்திரி 'சின்னாரி பாபலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். தயாரிப்பு, இசை, கலை எனப் பல பொறுப்புகளில் பெண்களே இருந்தார்கள். இசை பி. லீலா. 1971-இல் சிவாஜியோடு தானும் நடித்து, 'பிராப்தம்' படத்தைத் தயாரித்து இயக்கினார். படம் ஓடவில்லை. பணம் போட்ட ஆண்கள் எத்தனையோ பேர் நொடித்துப்போயிருக்கிறார்கள். அதைத் தொழில் நட்டம் என்கிறோம். அவர் நொடித்ததை மட்டும் காதல் தோல்வி என்கிறோம். எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு சம்பளம், கடன் கொடுத்தவர் யார், சொத்து யார் கைக்குப் போனது என்று கேட்கும் வாழ்க்கை வரலாறு ஒன்றைக் காட்டுங்கள், அனுமதி இல்லாவிட்டாலும் காசு கொடுத்து வாங்குகிறேன். பத்தொன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பரில் இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்ற துணிச்சலில் எழுதப்பட்ட பக்கங்கள் எனக்கு வேண்டாம்.

இது நடிகைகளின் பிரச்சினை மட்டுமல்ல. என் இரண்டாவது கவிதைத் தொகுப்பு வந்தபோது உடன் பணிபுரிந்த ஒருவர் அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" அறுபது கவிதையும் அவருக்கு என் மணவாழ்வின் வாக்குமூலம். அதே மாதம் வெளிவந்த ஓர் ஆண் கவிஞரின் காதல் கவிதைகளில் அவர் படிமத்தைப் பாராட்டினார்.

அந்த மாணவியிடம் நான் திட்டு எதுவும் சொல்லவில்லை. சாவித்திரி பற்றிக் கட்டுரை எழுதி வா, ஒரே நிபந்தனை, மதுவும் ஜெமினியும் மூன்றாவது பக்கத்துக்கு முன் வரக்கூடாது என்றேன். ஒரு வாரம் கழித்துப் பதினோரு பக்கம் கொண்டுவந்தாள். மூன்றாவது பக்கத்தில் அவர்கள் வரவில்லை. எட்டாவது பக்கத்தில் வந்தார்கள், ஒரு பத்தியில்.

"அதுக்குள்ள எழுத நிறைய இருந்துச்சு மேம்" என்றாள்.