தொண்டர் என்றால் கூலி இல்லையா?

தீபாவளி போனஸ் வாரத்தில் திருப்பூர் குமரன் ரோட்டில் நின்று பாருங்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு காக்கியில் இருவர் நிற்பார்கள். ஒருவர் காவலர், மற்றவர் ஊர்க்காவல் படைக்காரர். வெயிலும் ஒன்று, புகையும் ஒன்று, வாங்கும் வசவும் ஒன்று. காவலருக்கு மாதச் சம்பளம், பஞ்சப்படி, விடுப்பு உண்டு. மற்றவருக்கு வந்த நாளுக்குப் படி மட்டும். கேட்டால், அவர் 'தொண்டர்' என்கிறது அரசு.

இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களைப் பணி நிரந்தரம் செய்ய மறுத்தது. ஆனால் 30 நாள் வேலை பார்த்தால் காவலரின் குறைந்தபட்ச ஊதியம் கைக்கு வருமளவு தினப்படியை நிர்ணயிக்கச் சொன்னது. தமிழ்நாடு என்ன செய்தது? நாளுக்கு 560 ரூபாய் என்று உயர்த்திவிட்டு, வேலையை மாதம் 5 நாளாகச் சுருக்கியது. பெருக்கினால் 2,800 ரூபாய். பீஸ் ரேட்டை ஏற்றிவிட்டு பீஸைக் குறைக்கும் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது.

உறுத்துவது அந்தத் 'தொண்டர்' என்ற சொல்தான். பம்பாய் மாகாணத்தில் மகர்கள் வதன் முறையின் பேரால் அரசுக்கு இராப்பகலாக ஏவல் செய்தார்கள். ஊர்க்காவலும் அதில் அடக்கம். கிடைத்தது துண்டு நிலமும், ஊரார் மனம் வைத்தால் கொஞ்சம் தானியமும். தானியத்தைப் பணமாக மாற்றவும், விரும்பியவர்கள் இந்த ஏவலிலிருந்து விடுபடவும் வழிசெய்யும் மசோதாவை 1928இல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். இன்றைய ஊர்க்காவல் படையில் எல்லாச் சாதியினரும் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வேலையை வாங்கிக்கொண்டு கூலி கேட்டால் 'கடமை', 'சேவை' என்று பேசும் பேச்சு வதன் காலத்துப் பேச்சு.

"போலீசுக்காகவா பரிந்து பேசுகிறீர்கள் தோழர்?" என்று இளைய தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1999 தாமிரபரணியையும் 2011 பரமக்குடியையும் நானும் மறக்கவில்லை. ஆனால், அடுத்த டியூட்டி கிடைக்குமா என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்து நிற்கிறவரால் தவறான உத்தரவுக்கு எப்படி முடியாது என்று சொல்ல முடியும்?

இன்னொன்றும் உண்டு. சம வேலைக்குச் சம ஊதியம் அரசமைப்பின் குறிக்கோள் என்று 1982இல் உச்ச நீதிமன்றத்தைச் சொல்ல வைத்த ரந்தீர் சிங், டெல்லி காவல்துறையில் ஓட்டுநர் காவலர். தற்காலிக ஊழியர்களுக்கும் அந்தக் கொள்கை பொருந்தும் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்காக நாம் கையில் எடுக்கும் வாதம் ஒரு காவலர் தொடங்கிவைத்த வழக்கிலிருந்து வந்தது.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். அடுத்த மே நாள் துண்டறிக்கையில் ஊர்க்காவல் படையினருக்கும் சில வரி ஒதுக்குவோம்: மாதம் முழுக்க வேலை, மருத்துவக் காப்பீடு, பெண்களுக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு.